பூனைத் தவமும் ஆயக்காரர் செபமும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு கோடை விடுமுறையில், மறைக்கல்வி வகுப்புகளை நிறைவு செய்த நம் பங்கின் சிறுவர் சிறுமியரை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றோம். ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்து முடித்து, இறுதியாக அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் வந்து நின்றோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்திற்குச் செதுக்கிய கல்லோவியம் அது.

அதில் ஒரு தவசி ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, விலா எலும்புகள் தெரியத் தவம் செய்கிறார். அவரை அர்ச்சுனன் என்பாரும் உளர். பகீரதன் என்பாரும் உளர். வலப்புறத்தில் யானைகள் நிற்கும் இடத்தருகே, ஏறக்குறைய அதே கோலத்தில் ஒரு பூனை நிற்கிறது. அதுவும் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. "சாமி, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே நிக்கிறாங்க? இதுல எது நெசம், எது பொய்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான்.

"கடவுளுக்குத் தெரியும், தம்பி" என்று சொல்லி வைத்தோம். அது தவறான விடையன்று. ஆனால் அவசரமான விடை. அந்தச் சிறுவன் நிறைவு கொள்ளவில்லை என்பதை அவன் முகம் காட்டியது. உண்மையில் நாமும் நிறைவு கொள்ளவில்லை. அவன் கேள்வி பல மாதங்களாக நம்மோடு திருப்பீடம் வரை வந்துகொண்டே இருந்தது.

ஒரே ஆலயம், ஒரே திருப்பலி. அருகருகே இருவர் முழந்தாளிட்டுக் கைகுவித்து நிற்கின்றனர். இருவர் உதடுகளும் ஒரே செபத்தைச் சொல்கின்றன. இவற்றுள் எது வழிபாடு, எது வழிபாட்டின் சாயல்? யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண் ஆண்டவரிடம் எழுப்பிய வினாவும் இதற்கு நெருங்கியதே. எந்த மலை சரியான மலை என்று அவர் கேட்டார். ஆண்டவரோ மலைகளின் வழக்கை ஒதுக்கிவிட்டு, தந்தை எத்தகைய மனிதரைத் தேடுகிறார் என்பதைச் சொன்னார்: ஆவியிலும் உண்மையிலும் தம்மை வழிபடுகிறவரை (யோவா 4:19-24). அந்த 'உண்மை' எது என்பதே நம் கேள்வி.

நற்செய்தியில் 'வெளிவேடக்காரர்' என்று நாம் வாசிக்குமிடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல், மேடையில் நடிக்கும் நடிகரைக் குறிக்கும் சொல்லாகும். நம் வட்டாரத்தில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் அர்ச்சுனன் தபசு ஆடப்படும் நாளில், அர்ச்சுனன் வேடம் பூண்டவர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறுவார். ஊரே அண்ணாந்து பார்க்கும். கூத்து முடிந்ததும் அவர் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவரை யாரும் வெளிவேடக்காரர் என்று இகழ்வதில்லை. அது வேடம் என்று அவரும் அறிவார், நாமும் அறிவோம். அரிதாரத்தைக் கழுவாமல், இதுவே என் முகம் என்று ஊரை நம்பவைத்து, நாளடைவில் தாமும் அதை நம்பிவிடுகிறவரையே ஆண்டவர் கண்டித்தார்.

தமிழர் இதை அறியாதவர் அல்லர். திருக்குறளில் தவம் என்னும் 27-ஆம் அதிகாரத்தை அடுத்து நிற்பது கூடாவொழுக்கம். அதனை அடுத்தது கள்ளாமை. அதற்கும் அடுத்தது வாய்மை. தவத்திலிருந்து புறப்பட்டு வாய்மையைச் சென்றடைய விரும்புவோர் இடையிலுள்ள இரண்டையும் கடந்தே செல்ல வேண்டும் போலும்! மக்கள் வழக்கிலும் உருத்திராட்சப் பூனை என்றொரு தொடர் உண்டு. அதைக் கேட்டு நாம் புன்னகைப்பதற்கு முன், செபமாலைப் பூனைகளும் உண்டு என்பதை நினைவில் கொள்வது நலம்.

ஆயினும், பொய் வழிபாட்டைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது நம் அனுபவம். உள்ளபடியே பொய்யாக வழிபடுகிறவர் தம்மைப் பற்றி ஐயம் கொள்வதில்லை. 'என் செபம் பொய்யோ' என்று அஞ்சி நம்மிடம் வருகிறவர்கள் வேறு வகையினர். அவர்களுள் மூவரை இங்கே நினைவுகூர்கிறோம்.

சிதறும் மனம்

முதலாமவர் ஒரு தாய். விடியற்காலையில் கடற்கரையில் மீன் எடுத்து, கூடையோடு பேருந்து ஏறி, ஊர் ஊராக விற்று வருகிறவர். "செபமாலை கையில இருக்குது சாமி. அருள் நிறைந்த மரியேன்னு வாய் சொல்லுது. மனசு தண்டல்காரன் வாசல்ல போய் நிக்குது. சாயங்காலம் அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னே ஓடுது. இது பொய்ச் செபந்தானே?" என்று கேட்டார்.

புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இக்கேள்வியைத் தம் இறையியல் பெருநூலில் ஆராய்ந்தார். செபத்தைத் தொடங்கும்போது இறைவனை நோக்கி எழுந்த நோக்கமே, பின்னர் மனம் தன்னையறியாமல் சிதறினாலும், அந்தச் செபம் முழுவதற்கும் உயிர் தருகிறது என்பது அவர் முடிபு. வேண்டுமென்றே மனத்தை அலையவிடுவது வேறு. மனித இயல்பின் வலுவின்மையால் அது அலைவது வேறு. அலையும்போது செபத்தின் இனிமையை ஒருவர் இழக்கலாம். செபத்தின் பயனை இழப்பதில்லை. சொற்களைக் கவனிப்பதும், சொற்களின் பொருளைக் கவனிப்பதும் நன்று. ஆயினும் யாரை நோக்கிச் சொல்கிறோமோ அவரைக் கவனிப்பதே முதன்மையானது. அது எழுத்தறியாதவருக்கும் இயலும் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

அந்தத் தாய்க்கு இவற்றையெல்லாம் விரித்துரைக்கவில்லை. "தண்டல்காரர் வாசலுக்கு உங்கள் மனம் போகும்போது மாதாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், அம்மா" என்று மட்டும் சொன்னோம். கடன் நெருக்கும் ஒருவருக்குக் கடனைப் பற்றிய கவலையே செபத்தின் பொருளாகிறது. அதைக் கவனச்சிதறல் என்று கடவுள் கணக்கிடுவார் என்று நாம் நம்பவில்லை.

தொலைவில் நின்றவர்

இரண்டாமவர் ஒரு கொத்தனார். ஞாயிறு தோறும் மனைவி மக்களை ஆலய வாயில் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் நின்றுவிடுவார். திருப்பலி முடியும்வரை அங்கேயே நிற்பார். உள்ளே வரும்படி ஒருநாள் அழைத்தோம். "சனிக்கிழமை ராத்திரி குடிச்சிட்டு வீட்ல பண்ற ரகளைக்கு, ஞாயித்துக்கிழமை கைகூப்பி நின்னா அது வேஷம் சாமி. வேஷம் போட எனக்கு மனசு வரல" என்றார்.

இறைமக்களே, நம் மனத்தைத் தைத்த சொற்கள் இவை. ஏனெனில், ஆலயத்திற்கு வந்தும் தொலைவில் நின்ற இன்னொருவரை லூக்கா நற்செய்தியாளர் நமக்குக் காட்டியிருக்கிறார் (18:9-14). அந்த ஆயக்காரர் நேர்மையான வாழ்வோடு ஆலயத்திற்கு வரவில்லை. அவர் வாழ்வுக்கும் வழிபாட்டுக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தை அவர் மறைக்கவில்லை. அதையே தம் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார். இறைவனுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியவர் அவரே.

இங்கே ஒரு தெளிவு பிறக்கிறது. வாழ்வுக்கும் வழிபாட்டுக்கும் இடையே தொலைவு இருப்பதே வெளிவேடம் என்றால், புனிதர்கள் தவிர வேறு யாரும் ஆலயத்தில் நுழைய இயலாது. குருக்களாகிய நாம் திருப்பீடத்தை அணுகவே இயலாது. தொலைவு இருப்பது பாவநிலை. தொலைவு இல்லை என்று காட்டுவதே வெளிவேடம். முன்னதற்கு ஒப்புரவு அருட்சாதனம் உண்டு. பின்னது அந்த அருட்சாதனத்தையே தேவையற்றதாக எண்ணச் செய்கிறது. ஆகவே அந்தக் கொத்தனாரிடம், "நீங்கள் நிற்கும் இடம் ஆயக்காரர் நின்ற இடம். அது ஆலயத்திற்கு உள்ளே இருக்கிறது" என்றோம். அவர் அன்று வரவில்லை. தவக்காலத்தின் நடுவே ஒருநாள் வந்து, கடைசி வரிசையில் நின்றார்.

பாடாத முதியவர்

மூன்றாமவரை நினைக்கும்போது 2004-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அப்போது நாம் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிய இளங்குரு. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது, அதுவரை நீருக்குள் கிடந்த பாறைகள் வெளித்தெரிந்ததைப் பலர் கண்டனர். பின்னர் ஆழிப்பேரலை வந்தது. தமிழகக் கடலோரத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

சில நாள்களுக்குப் பின் நிறைவேற்றிய நினைவுத் திருப்பலியில், பேரப்பிள்ளையைப் பறிகொடுத்த மீனவ முதியவர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எல்லாரும் எழுந்தபோது எழவில்லை. எல்லாரும் பாடியபோது பாடவில்லை. திருப்பலி முடிந்து அவர் கையைப் பிடித்தோம். "பாட வரல சாமி. சண்டை போடத்தான் வந்தேன்" என்றார்.

அன்று நம்மிடம் மறுமொழி இல்லை. இன்று ஒன்று சொல்லலாம். திருப்பாடல்களுள் 88-ஆம் பாடல் வெளிச்சத்தில் முடிவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை இறைவேண்டலாகவே தன் நூலில் வைத்திருக்கிறது. யோபு நூலின் இறுதியில், கடவுளுக்காக அழகாக வாதாடிய நண்பர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். தம்மோடு வழக்காடிய யோபே சரியாகப் பேசியவர் என்கிறார் (42:7). சண்டை போடுவதற்கேனும் ஒருவர் கடவுளிடம் வருகிறார் என்றால், கடவுள் இருக்கிறார், கேட்கிறார், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்றல்லவா அவர் நம்புகிறார்? அந்த முதியவரின் மௌனம் அன்று நாம் பாடிய பாடலைவிட மெய்யான வழிபாடாக இருந்தது.

அப்பத்தின் பின்னே

அப்படியானால் பொய் வழிபாடு எது? பூனை பூனையாக இருப்பது பொய்யன்று. அதன் மனம் அலைவதும் பொய்யன்று. கைகள் வானத்தை நோக்கியிருக்க, கண் எலியை நோக்கியிருப்பதே பொய். மேற்கண்ட மூவரின் கண்ணும் கடனூடாக, வெட்கத்தினூடாக, துயரத்தினூடாகக் கடவுளையே தேடியது. பொய் வழிபாடோ கடவுளைத் தேடுவதில்லை. கடவுளுக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது.

இறைவாக்கினர்கள் பலிகளைச் சாடியதன் பொருள் இதுவே. ஆமோஸ் காலத்து மக்கள் வழிபாட்டில் குறைவைத்தவர்கள் அல்லர். திருவிழாக்கள் இருந்தன, பாடல்கள் இருந்தன, கொழுத்த பலிகள் இருந்தன. ஏழைகளை மிதித்த கால்களோடு அவர்கள் பீடத்திற்கு வந்ததாலேயே ஆண்டவர் அந்த விழாக்களை வெறுத்தார் (5:21-24). எசாயாவின் முதல் அதிகாரமும் இதையே உரைக்கிறது.

காணிக்கைப் பவனிக்குப் பின் குருவானவர் அப்பத்தை உயர்த்தி இறைவனைப் போற்றும்போது, அது நிலம் விளைவித்தது, மனிதர் உழைத்து உருவாக்கியது என்று அறிக்கையிடுகிறார். நாம் இச்செபத்தை நாள்தோறும் சொல்கிறோம். ஆயின் அதன் பொருளை எண்ணிப் பார்த்தால் நடுக்கம் வரும். யாருடைய நிலம்? யாருடைய உழைப்பு? அப்பம் பீடத்தை அடையும்போதே நிலமும் கூலியும் பீடத்தை அடைந்துவிடுகின்றன. வழிபாட்டில் சமுதாய நீதியைக் கலக்கலாமா என்று சிலர் நம்மைக் கேட்பதுண்டு. யாரும் கலக்கவில்லை, அது அப்பத்திலேயே இருக்கிறது.

செங்கல்பட்டில் வாழ்கிறவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1891-இல் இம்மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், இங்கு வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற வறுமையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல், அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. பிறர் அதை வாங்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தும், காலப்போக்கில் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. காரணைக் கிராமத்தின் பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். இந்த மண்ணில் விளைந்ததை உயர்த்திப் பிடித்து நன்றி கூறுகிற நாம், இவர்களை மறந்து நன்றி கூற இயலுமா?

ஆலயத்திற்கு வெளியே மட்டும் பார்ப்பதும் போதாது. கொரிந்து நகர்ச் சபையில் சிலர் உண்டு குடித்து மகிழ, சிலர் பசியோடு நின்றனர். திருத்தூதர் பவுல் அவர்களிடம், நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்னும் கருத்தில் எழுதினார் (1 கொரி 11:17-22). அப்பமும் இரசமும் செபமும் இருந்தும், ஒருவர் மற்றவரை இழிவுபடுத்தியதால் விருந்து விருந்தாக இல்லை என்பதே அவர் தீர்ப்பு. நம்மிடையே சாதி செய்வதும் அதுவே. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பர் 13 அன்று தலித் மக்களின் மேம்பாட்டிற்கென வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 இலட்சம் பேரில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித்துகள் என்றும் அது குறிப்பிட்டது. ஒரே அப்பத்தை உண்டு வீடு திரும்பி, ஒரே தெருவில் தேர் வர மறுப்பதும், ஒரே மண்ணில் புதைக்க மறுப்பதும் எங்கேனும் நடக்குமானால், அங்கே பூனை கைகளை உயர்த்தி நிற்கிறது என்று பொருள்.

கட்டடமும் காணிக்கையும்

இங்கே ஒரு தடை எழலாம். 'அயலாரை நேசித்தால் போதும். ஆலயமும் வழிபாடும் எதற்கு?' என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். இது நேர்மையான கேள்வி. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் பூசியபோது, ஏழைகளின் பெயரைச் சொல்லித் தடுத்தவர் யூதாசு என்பதை யோவான் குறித்து வைத்திருக்கிறார் (12:1-8). ஏழைகளின் பெயருக்குப் பின்னும் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம்.

கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தை 1808-இல் போர்த்துக்கீசிய வணிகரான ஜான் டி மாண்டி எழுப்பினார். பெருஞ்செல்வரான அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அலைகள் ஓயாத அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மீனவ மக்கள் கூடி அழவும் நன்றி சொல்லவும் ஓர் இடம் கிடைத்தது. அது வீண் செலவன்று. இறைவனைப் போற்றுவது மனிதரின் கடமை மட்டுமன்று. மனிதர் மனிதராக நிமிர்ந்து நிற்கும் இடமும் அதுவே. கூலிக்காரரும் முதலாளியும் ஒரே தரையில் முழந்தாளிட வேறு எந்த இடம் இருக்கிறது?

புனித அகுஸ்தீனார், கண்ணுக்குத் தெரியும் பலி என்பது கண்ணுக்குத் தெரியாத பலியின் அருள் அடையாளம் என்று விளக்கினார். அடையாளம் வேண்டும், அது சுட்டும் பொருளும் வேண்டும். புனித யோவான் கிறிசோஸ்தோம், ஆலயத்தில் கிறிஸ்துவின் உடலைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றிக் கிடக்கும் அதே கிறிஸ்துவைக் கடந்து போகாதீர்கள் என்று தம் மக்களை எச்சரித்தார். இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கமும் இவ்விரண்டையும் சேர்த்தே பிடித்தது. 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், திருச்சபையின் செயல்கள் அனைத்துக்கும் வழிபாடே சிகரமும் ஊற்றும் என்று போதித்தது. 1965-இல் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், விசுவாசத்தையும் அன்றாட வாழ்வையும் பிரித்து வைப்பதை நம் காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாக எண்ணியது. ஊற்று வேண்டாம் என்பவரும் தாகத்தால் சாவார். ஊற்றருகே அணை கட்டி நீரை வெளியே விடாதவரும் பிறரைத் தாகத்தால் சாகடிப்பார்.

நம்மைச் சுட்டும் விரல்

மாமல்லபுரத்துப் பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. கங்கைக் கரையில் தவசிபோல் நின்று எலிகளின் நம்பிக்கையைப் பெற்று, அவற்றை ஒவ்வொன்றாக உண்ட பூனை அது. அக்கதையைச் சொல்லி அனுப்புகிறவர் யார் தெரியுமா? துரியோதனன். யாருக்கு? தருமருக்கு. பிறருடைய பங்கைப் பறித்து வைத்திருந்தவரே மற்றவரைப் பூனை என்றார்! பூனைக் கதையைப் பிறர்மீது எறிவது எளிது. ஆகவே அதை நம்மீதே திருப்பிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாத் தேருக்கு விளக்கும் மலரும் ஒருவர் தம் செலவிலேயே செய்துவந்தார். அவர் செங்கல் சூளை நடத்துகிறவர். அவ்வாண்டு அவர் சூளையில் கல் சுமந்த பெண்களுக்குப் பல வாரக் கூலி நிலுவையில் இருந்தது. அது நமக்குத் தெரியும். அவர்களே வந்து சொல்லியிருந்தார்கள். திருவிழா முடியட்டும், பிறகு பேசலாம் என்று எண்ணிக்கொண்டோம். தேர் புறப்படும் முன் ஒலிபெருக்கியில் அவர் பெயரை நன்றியோடு அறிவித்தோம். கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண்களுள் ஒருவர் மட்டும் தேரைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று கைகளை உயர்த்தி ஆசீர் வழங்கி நின்றது யார் என்று இன்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம்.

1514-இல் கூபா தீவில் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் குருவானவர் மறையுரைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அத்தீவின் பழங்குடி மக்களைக் கட்டாய வேலை வாங்கும் உரிமை அவரிடமும் இருந்தது. சீராக் நூலின் 34-ஆம் அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. ஏழைகளிடமிருந்து பறித்ததைப் பலியிடுவது, தந்தையின் கண்முன் மகனைக் கொல்வதற்கு நிகர் என்றும், கூலியைப் பிடித்து வைப்பது குருதி சிந்துவதே என்றும் உரைக்கும் பகுதி அது. அவரால் அதைக் கடந்து செல்ல இயலவில்லை. தம்மிடம் இருந்த பழங்குடியினரை விடுவித்தார். எஞ்சிய வாழ்நாளை அவர்களுக்காக வாதாடுவதில் செலவிட்டார். அவர் அதுவரை நிறைவேற்றி வந்ததும் திருப்பலியே. ஆனால் அதன் விலையை யார் செலுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை அன்றுதான் கண்டார்.

நாம் லாஸ் காசாஸ் அல்லர். அடுத்த வாரம் சூளைக்காரரைச் சென்று பார்த்தோம், அவ்வளவே. அவர் சினந்தார். பாதிக் கூலி வந்தது. மீதிக்கு மழைக்காலம் வரை நடக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுத் தேரில் விளக்குகள் குறைவு. அந்தப் பெண் மாதாவுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தார்.

மலைப்பொழிவில் ஆண்டவர் தரும் ஒழுங்கை (மத் 5:23-24) நாம் பெரும்பாலும் தலைகீழாக நினைவு வைத்திருக்கிறோம். பீடத்தின் முன் நிற்கும்போது, 'எனக்கு யார்மேல் மனத்தாங்கல்?' என்று தேடிப் பார்த்துக்கொள்கிறோம். ஆண்டவர் கேட்பது அதுவன்று. உன்மேல் யாருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதே அவர் கேள்வி. அதற்கு விடை நம் உள்ளத்தில் மட்டும் இல்லை. அந்தச் சகோதரரிடம், அந்தச் சகோதரியிடம் இருக்கிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்க் கேட்க வேண்டும். கேட்டபின் திரும்பி வரவும் வேண்டும். காணிக்கையைச் செலுத்தவும் வேண்டும்.

அந்தச் சிறுவன் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டான். பீடச் சிறுவனாகத் திருப்பலியில் உதவி செய்கிறான். அண்மையில் ஒருநாள் திருப்பலிக்குப் பின் அவனை அழைத்து, "மாமல்லபுரத்தில் நீ கேட்ட கேள்விக்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, தம்பி" என்றோம். அவன் மறந்திருந்தான். நினைவூட்டியதும் ஆவலோடு நிமிர்ந்தான்.

"எது மெய், எது பொய் என்று பூனையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எலிகளைக் கேட்க வேண்டும்" என்றோம்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப நம்மளப் பத்தி யாரைக் கேக்கணும், சாமி?" என்றான்.

அவ்வினாவை அன்பு வாசகர்களின் முன்பும் வைக்கிறோம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன், நம் வீட்டில் வேலை செய்பவரை, நம்மிடம் கூலி பெறுபவரை, பக்கத்துத் தெருவில் இருப்பவரை, நம் குரலைக் கேட்டு அஞ்சும் பிள்ளையை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். குருவாகிய நாம் முதலில் எண்ணிப் பார்க்கிறோம்.